அளவுக்காரர் வீட்டு மூன்றாவது தூண்

ஜனவரி 12

ஆண்டவன் துணை.

மதிப்பிற்குரிய என் வீட்டுக்காரருக்கு, உங்கள் மனைவி வணங்கி எழுதுவது. ஆண்டவன் புண்ணியத்தில் இங்கே நான் நன்றாக இருக்கிறேன். மாடி ஏறினால் முட்டி பேசுகிறது, அவ்வளவுதான். உங்கள் இருமல் நின்றதா? போன கடிதத்திலும் கேட்டேன். பதிலில் நீங்கள் அறைத்தோழரின் பல்வலியைப் பற்றி எழுதியிருந்தீர்கள்.

விஷயம் இதுதான். பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. நீங்கள் கையெழுத்துப் போட்டு அனுப்பியபடியே வீட்டை எடுத்துக்கொள்கிறார்கள். மே மாதத் தொடக்கத்தில் சாவியைக் கொடுக்க வேண்டும். கொடுப்பது சரிதான், அதில் எனக்கு வருத்தமில்லை. மழை பெய்தால் கிழக்குப் பக்கத்து அறைகளுக்குள் குடை பிடித்துக்கொண்டு நடக்கிறேன். உங்கள் கொள்ளுத்தாத்தா, தம்பிகள் இரண்டு பேரும் பெண்டாட்டி பிள்ளைகளோடு கூடவே இருக்க வேண்டும் என்று கட்டிய வீடு. அதில் ஒருத்தியாக உட்கார்ந்துகொண்டு நான் எந்த ஒழுக்கை அடைப்பது?

ஆனால் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது. கட்டியவர் காலத்தில் வீடு எப்படி இருந்ததோ அப்படியே திருப்பிவிடப் போகிறார்களாம். அவருக்குப் பின்னால் வந்ததெல்லாம் எடுக்கப்படும். உங்கள் அப்பா எழுப்பிய தடுப்புச் சுவர், சித்தப்பா வைத்த கம்பி ஜன்னல், சமையலறை மேடை, எல்லாம். போகட்டும். "மரத்தூண்களில் பிற்காலத்தில் ஏற்பட்ட கீறல்கள் இழைத்து நீக்கப்படும்" என்றும் போட்டிருக்கிறார்கள்.

கூடத்தில் மூன்றாவது தூண். நம் மகளை ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் நிற்கவைத்து, தலைக்கு மேலே கத்தியால் நீங்கள் கோடு வெட்டிய தூண். இதை எழுதினால் உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும். அவள் போய் ஏழு வருடம் ஆகிறது. இந்த ஏழு வருடத்தில் நீங்கள் எழுதிய ஒரு கடிதத்திலும் அவள் இல்லை. உங்களுக்காக நானும் எழுதாமல் இருந்தேன். இப்போது முடியவில்லை.

இழைப்பதற்கு முன்னால் ஒரு தரம் வாருங்கள். ஒரு நாள் போதும். நாம் இரண்டு பேரும் அந்தத் தூண் பக்கத்தில் சேர்ந்து நிற்க வேண்டும். வேறொன்றும் கேட்கவில்லை.

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

வீட்டைக் காத்திருக்கும்,
உங்கள் மனைவி


பிப்ரவரி 9

அன்புள்ள உனக்கு,

கடிதம் கிடைத்தது. நான் சுகம், நீயும் சுகமாக இருக்க வேண்டும். கப்பல் பட்டறையில் வேலை தலைக்கு மேலே போகிறது. ஒரே நேரத்தில் மூன்று கப்பல்களுக்குத் தளப்பலகை மாற்றுகிறோம். அறைத்தோழருக்குப் பல்லைப் பிடுங்கியாயிற்று. இப்போது அந்த ஓட்டை வழியாகக் குறட்டையோடு விசிலும் சேர்ந்து வருகிறது.

வீட்டு விஷயம். அலுவலகத்து ஆட்கள் வந்தால் மாடி உத்திரங்களைக் கரையான் தொட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல். வடக்கு மூலையில் அப்பா காலத்திலேயே தட்டினால் வெற்றொலி கேட்கும். மேல்தளத்துப் பலகைகளை ஆணி பிடுங்கி எடுக்கக் கூடாது. கொள்ளுத்தாத்தா ஆணியே அடிக்கவில்லை, எல்லாம் மரமுளை. அதைத் தெரியாதவன் கை வைத்தால் பலகை பிளந்துவிடும்.

அக்கா பெரிய கண்ணாடியைக் கேட்டு வருவாள். கொடுத்துவிடு. அதன் முன்னால் நின்று நின்றுதான் அவளுக்குக் கல்யாணமே தாமதமாயிற்று.

கப்பலேறி ஊருக்கு வர விடுப்பு இந்த வருடம் கஷ்டம். மேற்பார்வையாளர் புதியவர், சிரித்துக்கொண்டே இல்லை என்று சொல்கிறவர். பார்க்கலாம்.

முட்டிக்கு எண்ணெய் தடவி வெந்நீர் ஒத்தடம் கொடு. மாடிக்கு ஏறாதே.

அன்புடன்,
உன் வீட்டுக்காரன்


பிப்ரவரி 20

ஆண்டவன் துணை.

மதிப்பிற்குரிய என் வீட்டுக்காரருக்கு, வணக்கம். நான் நலமே. ஒத்தடம் கொடுக்கிறேன். உத்திரம், பலகை, மரமுளை, கண்ணாடி, எல்லாவற்றுக்கும் பதில் எழுதியிருந்தீர்கள். கேட்டதற்கு மட்டும் எழுதவில்லை. அதை அப்படியே விடுகிறேன்.

உங்கள் அக்கா வந்தார்கள். கண்ணாடி வேண்டாமாம். "அதுல பார்த்தா எங்க மாமியார் மாதிரியே தெரியறேன், நீயே வெச்சுக்கோ" என்றார்கள். பித்தளை அண்டாவை எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் அலுவலகத்திலிருந்து அதிகாரி வந்தார். சின்னப் பெண், மூக்குக்கண்ணாடி, கையில் டேப், தலையெல்லாம் ஒட்டடை. காலையிலிருந்து மாடியில் உத்திரம் உத்திரமாகத் தவழ்ந்துவிட்டு வந்து என்னோடு உட்கார்ந்து தண்ணீர் குடித்தது.

"ஏம்மா, கட்டினவரை அளவுக்காரர்னு ஏன் சொல்றாங்க?"

"மரம் வாங்கப் போனா கோலே எடுக்கமாட்டாராம். கையை விரிச்சுப் பார்த்தே சொல்லிடுவாராம். பொண்ணு பார்க்கப் போன இடத்துலகூட பொண்ணைப் பார்க்காம கதவு நிலையை அளந்துட்டு வந்தார்னு எங்க மாமியார் சொல்வாங்க."

பெண் வாய்விட்டுச் சிரித்தது. "அந்தப் பொண்ணு பேரு என்னம்மா? அவர் மனைவி பேரு?"

எனக்குத் தெரியவில்லை. "பெரியம்மான்னுதான் எல்லாரும் சொல்வாங்க" என்றேன்.

"அது பேரில்லையேம்மா."

"வேற பேரு யாருக்கும் தெரியாதும்மா."

எழுதிக்கொண்டிருந்த தாளில் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டது.

பிறகு கூடத்துக்கு வந்தது. மூன்றாவது தூணுக்கு முன்னால் மண்டியிட்டு டார்ச் அடித்துப் பார்த்தது. ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை. "அம்மா, இங்க வாங்களேன். மேல உத்திரத்துலயும் இதே வெட்டு இருக்கு. சாய்வா ஒண்ணு, அடியில குறுக்கா சின்னதா ஒண்ணு. அப்படியே அதே கைம்மா."

அது உங்கள் குடும்பத்து மரக்கடைக் குறி. வாங்கிய கட்டையில் இது நம்முடையது, அளந்தாயிற்று என்று வெட்டும் குறி. உங்கள் அப்பாவிடம் நீங்கள் கற்றுக்கொண்டது. கடை போனபிறகு நீங்கள் அதை வெட்டியது இந்தத் தூணில் மட்டும்தான்.

"இது அவரோட அளவுகோல்மா. இதை வெச்சுத்தான் மொத்த வீட்டையும் கட்டியிருக்கார். இது கிடைச்சது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? இதுமேல ஒருத்தரும் கை வைக்க விடமாட்டேன்."

'இல்லம்மா, அது என் பொண்ணு' என்று நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் பிற்காலத்துக் கீறல், இழைத்துவிடுவார்கள். சொல்லாவிட்டால் பொய். வீட்டில் குடியிருப்பவள் என்ற முறையில் இந்தக் கோடுகள் யார் வெட்டியவை என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டுமாம்.

நான் என்ன செய்ய வேண்டும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். நேரில் வந்து சொன்னால் இன்னும் நல்லது.

பதிலை எதிர்பார்க்கும்,
உங்கள் மனைவி


மார்ச் 1

அன்புள்ள உனக்கு,

அவசரத் தபாலில் எழுதுகிறேன். நலம்.

அந்தப் பெண் சொன்னதை மறுக்காதே. அந்தக் கோடுகள் கொள்ளுத்தாத்தா வெட்டியவை என்று அப்பா சொல்லக் கேட்டிருப்பதாக நானே அலுவலகத்துக்கு எழுதி அனுப்பிவிட்டேன். நீயும் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடு. வேறு எதுவும் பேச வேண்டாம்.

அன்புடன்,
உன் வீட்டுக்காரன்


மார்ச் 10

ஆண்டவன் துணை.

பொட்டலத்தின் அப்பாவுக்கு,

இப்படி எழுதி எத்தனை காலம் ஆகிறது. அவள் பிறந்த நாளிலிருந்து உங்களுக்கு நான் எழுதிய சீட்டிலெல்லாம் இதுதான் உங்கள் பெயர். அவள் போனபிறகு வேண்டாம் என்றீர்கள், விட்டேன். இன்று விடுவதாக இல்லை.

உங்களிடமிருந்து இவ்வளவு சீக்கிரம் பதில் வந்ததே இல்லை. வாசலிலேயே நின்று பிரித்தேன். பார்த்தால் நாலு வரி. அதிலும் அவள் இல்லை. "அந்தக் கோடுகள்" என்று எழுதியிருக்கிறீர்கள். பொட்டலம் என்று எழுதினால் பேனா முறிந்துவிடுமா? நீங்கள் வைத்த பெயர்தானே. கல்யாணமாகிப் பல வருடம் கழித்துப் பிறந்தவளைத் துணியில் சுற்றி உங்கள் கையில் கொடுத்தபோது, "என்ன இது, கடையில கட்டின பொட்டலம் மாதிரி இருக்கு" என்று பயந்துகொண்டு வாங்கினீர்கள். பிரசவம் பார்த்த நர்ஸ்கூட அதற்கப்புறம் அவளை அப்படித்தான் கூப்பிட்டாள்.

இப்போது அவளை உங்கள் கொள்ளுத்தாத்தா என்று எழுதச் சொல்கிறீர்கள்.

நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. பலசரக்குச் சுற்றி வந்த காகிதத்தைப் பிரித்துப் பிரித்து எழுத்துக்கூட்டிக் கற்றுக்கொண்டவள். கற்றுக்கொண்ட நாளிலிருந்து நடக்காத ஒன்றை எழுதியதில்லை. வீட்டுக் கணக்கில் உப்பு வாங்கிய இடத்தில் மிளகு என்று எழுதியதில்லை. காலையில் சாமி முன்னால் நிற்கும்போது எனக்கு இருக்கிற ஒரே தைரியம் அதுதான்.

அளவுக்காரர் வீடு கட்டினார், அவர் பெயர் நிற்கிறது. அவருக்குச் சமைத்துப் போட்டவளின் பெயர் யாருக்கும் தெரியவில்லை. இவளும் அப்படிப் போக வேண்டுமா? நாமே அனுப்பிவைக்க வேண்டுமா?

அந்தப் பெண் அடுத்த தரம் வந்தால் உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன். உங்களுக்குத் தெரியாமல் செய்யக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

கோபத்தில் நலம் விசாரிக்க மறந்துவிட்டேன். இருமல் எப்படி இருக்கிறது?

பொட்டலத்தின் அம்மா


ஏப்ரல் 4

ஆண்டவன் துணை.

பொட்டலத்தின் அப்பாவுக்கு,

பதில் இல்லை. தபால்காரர் தெருவில் திரும்பும்போதே கையை விரித்துக் காட்டிவிடுகிறார், நான் வாசலுக்கு வந்து ஏமாறக் கூடாதாம்.

அந்தப் பெண் வந்தது. "எங்க வீட்டுக்காரர் கடிதாசி வரட்டும்மா, அப்புறம் எழுதித் தர்றேன்" என்று திருப்பி அனுப்பிவிட்டேன். சாவி கொடுக்கும் நாள்வரை பொறுப்பதாகச் சொன்னது.

அதிகமாக எழுதிவிட்டேனோ என்று இருக்கிறது. கோடுகளைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுத வேண்டாம். உடம்பு எப்படி இருக்கிறது என்று மட்டும் எழுதுங்கள்.

உங்கள் மனைவி


ஏப்ரல் 22

பொட்டலத்தின் அம்மாவுக்கு,

எழுதிவிட்டேன். பேனா முறியவில்லை. இந்த ஒரு வரியை எழுதிவிட்டு மேலே எழுத முடியாமல் பல நாள் மடித்து வைத்திருந்தேன், அவ்வளவுதான். உடம்பு நன்றாக இருக்கிறது. இருமல் இருக்கிறது.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அவளுடைய கடைசிப் பிறந்தநாளன்று காலையில் நீ அவளுக்காக வேண்டிக்கொள்ளப் போயிருந்தாய். நான் கட்டில் பக்கத்தில் இருந்தேன். "கோடு போடலையாப்பா?" என்றாள். "சாயங்காலம் போடலாம்டா" என்றேன். "சாயங்காலம் நான் தூங்கிட்டேன்னா?" என்றாள்.

தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போனேன். படுத்தே கிடந்த வருடம் அது, உனக்குத் தெரியும். காலை ஊன்ற முடியவில்லை. ஒரு கையால் அணைத்துத் தூணோடு நிமிர்த்திப் பிடித்தேன். பாதம் தரையில் படவில்லை. படாமல் இருக்கட்டும் என்று நான்தான் இன்னும் கொஞ்சம் தூக்கினேன். மற்றக் கையால் கீறினேன். பிறகு படுக்கவைத்துவிட்டு வந்து ஆழமாக வெட்டினேன்.

"வளந்துட்டேனாப்பா?"

"பாதிச் சாண் வளந்துட்டே. போன வருஷத்தைவிட ஜாஸ்தி."

"அப்ப எனக்கு உடம்பு சரியாயிட்டு வருதுன்னுதானே அர்த்தம்?"

"ஆமா" என்றேன்.

அன்று முழுக்க அவள் முகம் எப்படி இருந்தது என்று நினைவிருக்கிறதா? நீ உன் வேண்டுதல் பலித்தது என்று நினைத்தாய். நான் சொல்லவில்லை.

அந்த உயரத்துக்கு அவள் வளரவே இல்லை. எங்கேயும் இல்லை, அந்தத் தூணில் மட்டும்தான் அவள் அவ்வளவு உயரம். அதை இழைத்துவிட்டால் நான் அவளிடம் சொன்னது வெறும் பொய்யாகிவிடும். பெயர் போனால் போகட்டும். கோடு இருக்கட்டும். எங்கள் குடும்பத்துக் கட்டையில் எங்கள் குடும்பத்துக் குறி, அளந்தாயிற்று, நம்முடையது. அதில் என்ன பொய் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். உனக்கு அது போதாது என்று தெரியும். ஆனாலும் கேட்கிறேன். கையெழுத்துப் போடு.

வந்து பக்கத்தில் நிற்கச் சொன்னாய். அங்கே நிற்க முடிந்திருந்தால் நான் இங்கே வந்திருக்கவே மாட்டேன்.

அவள் அப்பா


மே 6

ஆண்டவன் துணை.

பொட்டலத்தின் அப்பாவுக்கு,

கடிதத்தைப் படித்தேன். அதைப் பற்றி எழுதத் தெரியவில்லை. நீங்கள் வந்தால் சொல்கிறேன்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். "எனக்குத் தெரிந்தவரை இக்கோடுகள் வீட்டைக் கட்டியவரால் வெட்டப்பட்டவை" என்று அந்தப் பெண் வாசகம் சொல்ல, நான் எழுதினேன். "அம்மா, கை நடுங்குதே" என்றது. "வயசாகுதும்மா" என்றேன். அன்று நான் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.

அந்தப் பெண் போனபிறகு சாமி முன்னால் நின்றேன். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் திருத்தி எழுதச் சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருந்தது. சும்மா நின்றுவிட்டு விளக்கை மட்டும் துடைத்து வைத்தேன்.

நேற்றுச் சாவிகளைக் கொடுத்தாயிற்று. எந்தச் சாவி எந்தக் கதவுக்கு என்று துணியில் எழுதி ஒவ்வொன்றிலும் கட்டியிருந்தேன். "இவ்வளவு ஒழுங்கா எங்களுக்கு யாரும் கொடுத்ததில்லைம்மா" என்றது அந்தப் பெண். வாசலைத் தாண்டும்போது அழுகை வரும் என்று நினைத்தேன். வண்டிக்காரர் கண்ணாடியைச் சாய்த்து ஏற்றிக்கொண்டிருந்தார், உடைத்துவிடப் போகிறாரே என்ற கவலையில் அழ நேரமில்லை.

இப்போது இருப்பது இரண்டு அறை வீடு. வரும் வழி எழுதுகிறேன், குறித்துக்கொள்ளுங்கள். பழைய தபால் நிலையத்தில் இறங்கி, தையல்கடை ஓரமாக உள்ளே வந்தால் கடைசிக்கு முந்தின வீடு. பச்சைக் கதவு. வாசலில் குழாய் இருக்கும். கதவுக்கு முன்னால் ஒரு படி உடைந்திருக்கிறது, பார்த்து வையுங்கள்.

கோடு இருக்கிறது. நீங்கள் கேட்டதைச் செய்துவிட்டேன். இனி நான் கேட்டதைச் செய்யுங்கள். வாருங்கள்.

அவள் அம்மா


ஜூலை 14

அன்புள்ள உனக்கு,

உன் கடிதம் வந்து நாளாயிற்று. நீ சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். எனக்கு ஒன்றுமில்லை. புது வீட்டில் தண்ணீர் வசதி எப்படி? உடைந்த படியை வீட்டுச் சொந்தக்காரரிடம் சொல்லி உடனே பூசச் சொல், உன் முட்டிக்கு அது ஆகாது.

விடுப்புக் கேட்டிருக்கிறேன். கிடைத்தாலும் கிடைக்கலாம். காத்திருக்காதே.

அறைத்தோழர் ஊருக்குப் போய்விட்டார். குறட்டை இல்லாமல் தூக்கம் வர மறுக்கிறது.

அன்புடன்,
உன் வீட்டுக்காரன்


ஆகஸ்ட் 27

ஆண்டவன் துணை.

பொட்டலத்தின் அப்பாவுக்கு வணக்கம். நான் நலம். படி பூசியாயிற்று.

வீட்டைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். நம் வீட்டுக்குள் நானே சீட்டு வாங்கிக்கொண்டு போனேன். உங்கள் அக்காவும் வந்தார்கள். கிழக்கு அறைக் கட்டிலில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். காவலாளி ஓடிவந்து, "அம்மா, இது பார்க்கிறதுக்கு மட்டும்தான்" என்றார். "நான் பொறந்ததே இந்தக் கட்டில்லதான்யா" என்றார்கள். "அப்படின்னா போதும்மா, எழுந்திருங்க" என்றார் அவர். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு அது நிற்கவில்லை. அக்கா என் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தார்கள்.

வீடு அழகாக இருக்கிறது. உண்மையைச் சொல்ல வேண்டும். நான் வாழ்க்கைப்பட்டு வந்தபோதுகூட இவ்வளவு அழகாக இல்லை. தடுப்புச் சுவரை எடுத்ததும் கூடத்துக்குள் வெளிச்சம் நேராக வந்து விழுகிறது.

மூன்றாவது தூணைச் சுற்றிக் கயிறு கட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் பலகை: "வீட்டைக் கட்டியவரின் அளவுகோல்." சுற்றிக்காட்டும் பையன் எல்லோரையும் அங்கே நிறுத்தி விளக்கம் சொல்கிறான். "கீழேருந்து பாருங்க, கொஞ்சம் கொஞ்சமா ஏறுது. கடைசி ரெண்டு கோட்டுக்கு நடுவுல மட்டும் இடைவெளி ஜாஸ்தியா இருக்கு. ஏன்னு யாருக்கும் தெரியலை. ஆராய்ச்சி பண்ணிட்டிருக்காங்க."

உங்கள் கை அவளைத் தூக்கிய இடம்.

ஒரு சின்னக் குழந்தை கயிற்றுக்கு அடியில் நுழைந்து தூணில் முதுகை ஒட்டி நின்றுகொண்டது. யாரும் சொல்லித் தரவில்லை. "அப்பா, நான் எந்தக் கோடு?" என்று கேட்டது. அவர் பயந்துபோய் அதை இழுத்துக்கொண்டார். மூன்றாவது கோடு, நான் பார்த்துவிட்டேன்.

வியாழக்கிழமைகளில் கூட்டம் இருக்காது. சாயங்காலம் போய்த் தூணுக்கு எதிரே போட்டிருக்கும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். அங்கேயே கண்ணை மூடி வேண்டிக்கொள்கிறேன். முன்பு சாமியிடம் பேசியது போலவே இங்கே பேச வருகிறது. காவலாளி என்னைக் கால்வலிக்காரி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

விடுப்புக் கிடைத்ததா?

அவள் அம்மா


அக்டோபர் 5

பொட்டலத்தின் அம்மாவுக்கு,

துறைமுகத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் கப்பலுக்குக் கூப்பிடுவார்கள்.

வந்திருந்தேன்.

சொல்லிவிட்டு வந்தால் பாதியில் திரும்பிவிட்டால் உன்னிடம் என்ன சொல்வது என்று சொல்லாமல் வந்தேன். வியாழக்கிழமை பார்த்துத்தான் வந்தேன். சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். பின்னால் கையைக் கட்டிக்கொண்டு தூணுக்கு முன்னால் நின்றேன். அவிழ்த்தால் கை அங்கே போய்விடும். நிற்க முடிந்தது. நான் பயந்திருந்த அளவுக்கு வலிக்கவில்லை. பையன் வந்து விளக்கம் சொன்னான், முழுவதும் கேட்டுக்கொண்டேன். "சந்தேகம் ஏதாவது இருக்கா சார்?" என்றான். இல்லை என்றேன்.

திரும்பி பெஞ்சைப் பார்த்தேன். காலியாக இருந்தது. நீ அன்று வரவில்லை போலிருக்கிறது. ஏமாற்றமாக இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. நிம்மதிதான் அதிகம் என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

உன் தெருவுக்கும் வந்தேன். நீ எழுதிய வழி சரியாக இருந்தது. இருட்டும் நேரம். பச்சைக் கதவு திறந்திருந்தது, உள்ளே விளக்கு எரிந்தது, படிக்குப் பக்கத்தில் உன் செருப்பு இருந்தது. நீ உள்ளே நடமாடும் சத்தம் கேட்டது. தையல்கடைச் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தேன். அந்த வீட்டில் ஆளுக்கொரு மூலை இருந்தது, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நாட்களை ஓட்டினோம். இங்கே இரண்டு அறைதான். உள்ளே வந்தால் எதிரெதிரே உட்கார வேண்டும். அவளுக்கு உன் முகம். எனக்குக் கால் வரவில்லை.

கூப்பிடுகிறார்கள். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அவள் அப்பா


அக்டோபர் 16

ஆண்டவன் துணை.

பொட்டலத்தின் அப்பாவுக்கு அவள் அம்மா எழுதுவது. நான் நலம். கடல் பயணத்தில் இருமல் அதிகமாகாமல் போய்ச் சேர்ந்தீர்களா?

அன்று நான் வந்திருந்தேன். வழக்கமான நேரத்துக்கு உள்ளே வந்து கூடத்தில் கால் வைத்ததும் உங்கள் முதுகைப் பார்த்துவிட்டேன். தலை நரைத்திருக்கிறது, வலது தோள் இறங்கியிருக்கிறது. ஆனாலும் தெரியாமல் போகுமா? உங்களைக் கூப்பிட வாயெடுத்தேன். கூப்பிடவில்லை. இத்தனை வருடம் கழித்து அப்பா இப்போதுதான் அவளிடம் வந்திருக்கிறார், கொஞ்ச நேரம் தனியாக இருக்கட்டும் என்று நினைத்தேன். எப்படியும் வீட்டுக்குத்தானே வரப்போகிறீர்கள். செருப்புச் சத்தம் கேட்காமல் திரும்பி, வேகமாக நடந்து வந்துவிட்டேன். அந்த நடையை என் முட்டி இன்னும் மன்னிக்கவில்லை.

வரும் வழியிலேயே கடையில் நிறுத்தி உங்களுக்குப் பிடித்த காய் வாங்கினேன். சமைத்தேன். தட்டு இரண்டையும் கழுவித் துடைத்து வைத்தேன். கதவு காற்றுக்காகத் திறந்திருக்கிறது என்று நினைத்திருப்பீர்கள். வீடு அடையாளம் தெரியாமல் தடுமாறுகிறீர்களோ என்று தெருமுனைவரை போய்ப் பார்த்தேன். அதற்குள் போய்விட்டிருப்பீர்கள்.

நீங்கள் எழுதியதில் எனக்குக் கோபமில்லை. அவள் முகத்தை நான் மாற்றிக்கொள்ள முடியாது. உங்கள் கால்களையும் குறை சொல்ல முடியாது. இத்தனை நாள் ஒவ்வொரு கடிதத்திலும் வாருங்கள் என்று எழுதினேன். இனி எழுதமாட்டேன். நலமாக இருக்கிறீர்களா என்று மட்டும் கேட்பேன், நீங்களும் பதில் போடுங்கள்.

அன்று சமைத்ததில் ஒரு பங்கை ராத்திரி சாப்பிட்டேன். மற்றொரு பங்கை மூடி வைத்திருந்து மறுநாள் நானே சாப்பிட்டேன். வீணாக்கவில்லை.

அவள் அம்மா